சோக்ல எழுதியிருக்கிறதை நம்பாதீங்க, பேப்பர்ல சுட்டுப் பாருங்க

புதுசா ஷாட்கன் எடுக்குறவங்க நிறைய பேர் முதல்ல ஃபுல் சோக்கைத்தான் மாட்டுறாங்க, இறுக்கமா இருந்தா தூரம் போகும்னு ஒரு நினைப்பு, அதனாலதான் பக்கத்துல பறக்குற கிளே (குறிக்காகப் பறக்க விடுற தட்டு) எல்லாம் தப்பிச்சுப் போகுது. சோக்னா குழல் வாய்ப் பக்கத்துல இருக்குற ஒரு சின்ன குறுகல், அவ்ளோதான், பெரும்பாலும் கழட்டி மாட்டுற சின்னக் குழாயா இருக்கும். ரவைக் கொத்து (தோட்டாலேர்ந்து சேர்ந்து வர்ற சின்னக் குண்டுகள்) எவ்வளவு சீக்கிரம் விரியணும்ங்கறதை அது முடிவு பண்ணும், ரவைக்குப் புதுசா பலம் எதுவும் கொடுக்காது.

12 போர்ங்கற அளவு ஷாட்கன் குழலோட உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அது வாய்கிட்ட எவ்வளவு குறுகுதுன்னு அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல சொல்லுவாங்க. அதை வச்சுதான் சோக்குக்குப் பேரு: சிலிண்டர்னா 0, ஸ்கீட் ஒரு 5, இம்ப்ரூவ்டு சிலிண்டர் 10, மாடிஃபைடு 20, ஃபுல் 35 இல்ல அதுக்கு மேல. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். 40 கெஜத்துல 30 அங்குல வட்டத்துக்குள்ள சிலிண்டர் 40 சதவீதம் ரவையைப் போடும், இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, மாடிஃபைடு 60, ஃபுல் 70ங்கறது ஈய ரவைக்கான பழைய கணக்கு.

எதை மாட்டணும்னா, நீங்க நிஜமா எவ்வளவு தூரத்துல சுடுறீங்கன்னு முதல்ல பாருங்க. ஸ்கீட் போட்டில (தட்டு குறுக்கே பறக்கும்) பெரும்பாலும் 20, 25 கெஜத்துக்குள்ள முடிஞ்சிடும், ஸ்கீட் சோக்கோ இம்ப்ரூவ்டு சிலிண்டரோ போதும். ட்ராப் போட்டில 16 கெஜக் கோட்டுல நின்னாலும் தட்டு உங்களை விட்டு ஓடிட்டே இருக்கும், உடையிறப்போ 35 கெஜத்தை நெருங்கிடும், அங்க மாடிஃபைடுக்கு மேல போகலாம். ஸ்போர்ட்டிங் கிளேல (இடம் மாறி மாறிச் சுடுற போட்டி) ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் சோக் மாத்திட்டே இருக்குறவங்களைப் பார்த்திருக்கேன், என்னைக் கேட்டா இம்ப்ரூவ்டு சிலிண்டரை மாட்டிட்டு தட்டு மேல கண்ணை வைங்க, அதுல வர்ற பலன் பெருசு.

வேட்டைல விஷயம் இன்னும் சீரியஸ். கிளே தப்புனா ஒரு பாயின்ட் போச்சு, பறவை மேல ரெண்டு ரவை மட்டும் பட்டா அது அடிபட்டு எங்கேயோ போய் மெதுவா சாகும், அதை ஏத்துக்கவே முடியாது. நாய் கிளப்பி விட்டு கால்கிட்டயிருந்து எழும்புற காடைக்கு திறந்த (குறுகல் கம்மியான) சோக் போடுங்க, ஃபுல்ல அடிச்சா கறியும் மிஞ்சாது. உயரத்துல போற வாத்துக்கு மாடிஃபைடு. வான்கோழிக்கு தலையும் கழுத்தும்தான் குறி, அதுக்கு மட்டும் ஃபுல்லை விட இறுக்கமான எக்ஸ்ட்ரா ஃபுல் சரியா வரும். ரெட்டைக் குழல்னா முதல் குழல்ல திறந்தது, ரெண்டாவதுல ஒரு படி இறுக்கமானது, ஏன்னா ரெண்டாவது வெடிக்குள்ள பறவை இன்னும் தூரம் போயிருக்கும்.

ஸ்டீல் ரவை போடுறவங்க இதைக் கவனமா படிங்க. ஸ்டீல் ஈயம் மாதிரி நசுங்காது, அதனால அதே சோக்ல கொத்து இறுக்கமா வரும், மாடிஃபைடு போட்டா கிட்டத்தட்ட ஃபுல் மாதிரி நடக்கும். ஸ்டீலுக்கு ஆகும்னு குறிப்பிடாத இறுக்கமான சோக்ல அதைச் சுட்டா சோக்கும் குழலும் வீங்கிடலாம். பழைய ஃபிக்ஸட் சோக் (குழலோடவே சேர்ந்த, கழட்ட முடியாத சோக்) துப்பாக்கில ஸ்டீலே வேண்டாம்.

இனி தலைப்புல சொன்ன விஷயம். பெரிய பேப்பரைக் கட்டி, நீங்க வழக்கமா சுடுற தூரத்துல நின்னு, நடுவுல குறி வச்சு ஒரு வெடி. அப்புறம் ரவை அடர்த்தியா விழுந்த இடத்தைச் சுத்தி 30 அங்குல வட்டம் போட்டு ஓட்டையை எண்ணுங்க. தோட்டால 350 ரவை இருந்து 40 கெஜத்துல 210 உள்ள விழுந்தா அது 60 சதவீதம், சோக்ல ஃபுல்னு அடிச்சிருந்தாலும் அந்தத் தோட்டாவோட அது மாடிஃபைடு தான். ஒரு வெடியை வச்சு முடிவு பண்ணாதீங்க, புதுப் பேப்பர்ல அஞ்சு தடவையாவது பாருங்க. வட்டம் குறியிலேர்ந்து விலகி விழுதான்னும் பாருங்க, சோக் மாத்தினா அதுவும் மாறலாம். தோட்டா பிராண்டு மாத்தினா திரும்ப முதல்லேர்ந்து.

பராமரிப்புல முதல் வேலை, துப்பாக்கில தோட்டா இல்லைன்னு ரெண்டு தடவை பார்த்துட்டு அப்புறம்தான் வாய்ப் பக்கம் கையைக் கொண்டு போகணும். சுட்டு முடிச்ச அன்னைக்கே சோக்கைக் கழட்டி சால்வென்ட்ல ஊறவைங்க, உள்ள ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக், ஈயம், கரி எல்லாம் வெண்கல பிரஷ்ல தேச்சா வந்துடும். மரையை பழைய டூத்பிரஷ்ல தேய்ங்க, சோக்ல இருக்கிறதை மட்டுமில்ல, குழல்ல இருக்கிறதையும். துடைச்சு காய வச்சு சோக் கிரீஸ் மெல்லிசா ஒரு பூச்சு, அப்பி வைக்காதீங்க, மண்ணு ஒட்டும்.

மாட்டுறப்போ கையாலயே கடைசி வரைக்கும் சுத்தணும், சோக் சாவி கடைசி இறுக்கத்துக்கு மட்டும். சுடுறப்போ சூட்டுலயும் அதிர்வுலயும் லூசாகும், அதனால ரவுண்டுக்கு நடுவுல துப்பாக்கியைக் காலி பண்ணிட்டு செக் பண்ணுங்க. லூசான சோக்கோட சுட்டா உள் விளிம்புல வாட் (தோட்டால ரவையைத் தாங்கி வர்ற பிளாஸ்டிக் கப்பு) மோதி சோக் கிழிஞ்சு குழலே கெட்டுப் போகலாம். சோக்கே இல்லாமலும் சுடக்கூடாது, மரை போயிடும்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ரெண்டு சீசன் கழட்டாமலே விட்டுட்டார், உள்ள துரு புடிச்சு அசையல. அப்படி ஆச்சுன்னா பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க வைங்க, மறுநாள் சரியான சாவியால மெதுவா திருப்புங்க. அப்பவும் வரலைன்னா பிளையர்ஸ் போட்டு நெம்பாம கன்ஸ்மித்கிட்ட கொடுத்துடுங்க. கீழ விழுந்து விளிம்பு நெளிஞ்ச சோக், கையால முழுசா இறங்காத சோக், இன்னொரு பிராண்டு மரைக்குச் செஞ்ச சோக், இந்த மூணையும் மாட்டிச் சுடாதீங்க.