பழைய காரின் பிரேக் கீச்சிட்டால்

சென்னை பெசன்ட் நகர் மாதிரி கடலோரம் இரண்டு நாள் நிறுத்திய கார், காலையில் முதல் சில பிரேக்குக்கு மட்டும் கீச்சிட்டால் பயப்பட வேண்டாம். உப்புக்காற்றில் டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) படிந்த துரு தேய்ந்ததும் சத்தம் போய்விடும்.

போகவில்லையா? சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடைப் பாருங்கள். 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான். கனம் இருந்தும் கத்தினால், பெரும்பாலும் பேட் அதைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குள் அதிர்கிறது என்று அர்த்தம். கண்ணாடி மாதிரி பளபளக்கும் பேடின் முகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓரக் கூர்மையை மழுக்குங்கள். பேடின் முதுகிலும் காலிப்பர் நகரும் கம்பியிலும் (pin) சூடு தாங்கும் பிரேக் கிரீஸ், மெல்லிய பூச்சு. டிஸ்க்கில் ஒரு சொட்டுப் பட்டாலும் பிரேக் பிடிக்காது! சத்தத்துக்கு எண்ணெய் விடச் சொல்லும் 'அனுபவசாலி' எல்லாத் தெருவிலும் ஒருவர் இருப்பார், கேட்காதீர்கள்.

பழைய பேடில் நுரையீரலுக்கு ஆகாத ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பழைய மாருதி 800-க்கான பேட், வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டிலேயே கிடைக்கும். புதுசு போட்டதும் காலி ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து பத்து முறை நிதானமாக வேகம் குறைத்துப் பழக்குங்கள்.