துட்டைத் திட்டாமல் துட்டைப் பற்றி நாடகம் போடுவது எப்படி

கோயில் கொடைத் திருவிழா இரவு ஒன்றில், திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்தில், பணத்தாசையைக் கண்டிக்கும் நாடகம் ஒன்றை எங்கள் குழு நடத்தியது. கடைசிக் காட்சியில் கதாநாயகன் மேடையின் விளிம்புக்கு வந்து, செல்வம் நிலையற்றது என்று ஐந்து நிமிடம் பேசினான். பேச்சு பாதியில் இருக்கும்போதே முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “எல்லாஞ் சரிதாம்டே, இந்த மைக்செட்டுக்கு யாரு துட்டு குடுத்தா?” என்று கேட்டுவிட்டார். கூட்டம் சிரித்த சிரிப்பில் நாடகமும் முடிந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று கணக்குப் பார்த்துச் சுற்றும் பெண்களும், வாழைத்தார் விலை விழுந்த கவலையோடு வந்து உட்கார்ந்த விவசாயிகளும் நிறைந்த அந்தக் கூட்டத்தில், பணம் அற்பமானது என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நாங்கள் யோசித்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை, இதே பொருளில் நாடகம் போட நினைக்கும் கல்லூரிக் குழுக்களுக்கும் ஊர் இளைஞர்களுக்கும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கதாநாயகனின் ஆசையில் நியாயம் இருக்க வேண்டும். அவன் எதற்கு ஆசைப்படுகிறானோ அதற்குப் பார்ப்பவரும் ஆசைப்பட்டால்தான், பின்னால் அவன் கொடுக்கும் விலை அவர்களுக்கும் வலிக்கும். 1904-இல் மாஸ்கோவில் அரங்கேறிய, ரஷ்ய நாடகாசிரியர் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தில் தோட்டத்தை ஏலத்தில் எடுக்கும் லொபாகின் வில்லன் அல்லன். தன் பாட்டனும் தகப்பனும் அடிமைகளாகக் கிடந்த, சமையலறைக்குள்கூட விடப்படாத அதே பண்ணையைத் தான் வாங்கிவிட்டதாக அவன் கூத்தாடும்போது, நமக்கும் அவனோடு சேர்ந்து ஆடத் தோன்றுகிறது. ஆனால் நாடகத்தின் முடிவில் திரைக்குப் பின்னால் மரங்களில் கோடரி விழும் ஓசை கேட்கிறது. வயல்களில் மனைக்கல் நடுவதைப் பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வயலை வாங்கியவன் யாருடைய பேரன், விற்றவர் யாருடைய பேரன் என்று அவர்கள் உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

இதனால், ‘போதும்’ என்ற சொல்லை யார் வாயில் வைக்கிறீர்கள் என்பதை எழுதும்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்பதைப் பீடி சுற்றும் பெண்ணைப் பார்த்துப் பண்ணையார் சொன்னால் அது மருந்தன்று, கூலி உயர்வு கேட்காதே என்னும் அதட்டல். இருப்பவன் விடுவதற்கும் இல்லாதவனை விடச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை நம் வில்லுப்பாட்டு நன்றாக அறியும். முத்துப்பட்டன் கதையில் அந்தணனாகிய பட்டன், செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்காளையும் திம்மக்காளையும் மணப்பதற்காகக் குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். அந்தஸ்தைப் பற்றி அங்கே உபதேசம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கத்தியும் தோலும் ஊசியும் போதுமானவையாக இருந்தன. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்கு இன்றும் செருப்புக் காணிக்கை செலுத்தப்படுகிறது.

பொருளாசையை விசாரிக்கும் நாடகம் ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொண்டால் வேலை பாதி முடிந்துவிடும். அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ (1949) இதற்கு நல்ல பாடம். வில்லி லோமன் எந்தச் சரக்கை விற்கிறான் என்பதை நாடகம் கடைசிவரை சொல்வதேயில்லை. ஆனால் அவன் மனைவி கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டிருப்பதையும், வெளியூர் விடுதியில் வேறொருத்திக்கு அவன் புதுக் காலுறை கொடுத்ததையும் காட்டிவிடுகிறது. இருபதாயிரம் டாலர் காப்பீட்டுப் பணம் மகனுக்குக் கிடைக்கட்டும் என்று உயிரை விட்டவனின் அடக்கத்தின்போது, வீட்டுக் கடனின் கடைசித் தவணையை அன்றுதான் கட்டியதாக மனைவி சொல்கிறாள். அந்த வீட்டைச் சுவரில்லாத வெறும் சட்டகமாகவே மில்லர் கேட்டிருந்தார். நிகழ்காலக் காட்சிகளில் நடிகர்கள் கதவு வழியாக வருவார்கள், பழைய நினைவுகளில் சுவர் இருப்பதாகக் கொண்ட எல்லையையே தாண்டி நடப்பார்கள்.

நம் மேடைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் ஒன்று உண்டு: நிலை. வீட்டு வாசலில் மஞ்சளும் குங்குமமும் வைத்து நிறுத்தும் மரச்சட்டத்துக்கும், சமூகத்தில் ஒருவனுக்கு இருக்கும் இடத்துக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது நாடகக்காரனுக்குக் கிடைத்த வரம் என்றே நான் நினைக்கிறேன். எங்களுடைய அடுத்த நாடகத்தில் தொடக்கம் முதல் முடிவுவரை மேடையில் இருந்த பொருள் ஒரு நிலை மட்டும்தான். வளைகுடா நாட்டுக்குப் போகும் மகன் முதல் காட்சியில் அதைத் தோளில் தூக்குகிறான், அதன்பின் முடிவுக் காட்சிவரை இறக்குவதேயில்லை. தங்கைக்கு 100 பவுன் போடுவதாகத் தொலைபேசியில் பேச்சுக் கொடுப்பதும், மாடி எழுப்புவதற்குக் கடன் கேட்பதும், தாய் இறந்த செய்தியைக் கேட்பதும் அந்தச் சுமையோடுதான். 100 பவுன் என்றால் 800 கிராம். அந்த எடைக்கு நெல்லைத் தராசில் நிறுத்துச் சொளகில் (முறத்தில்) கொட்டிக் காட்டினோம். சொளகின் ஒரு மூலையில் அது அடங்கிவிட்டதைப் பார்த்ததும் பெண்கள் பகுதியில் எழுந்த முணுமுணுப்பு, நாங்கள் எழுதிய எந்த வசனத்துக்கும் கிடைத்ததில்லை.

வசனத்தைக் குறைத்தால் கருத்து போய்ச் சேராதே என்று குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அவர்களை வில்லுப்பாட்டின் பின்பாட்டுக்காரர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். கதை சொல்பவரின் ஒவ்வொரு வரிக்கும் அவர்கள் ‘ஆமா’ போடுவதுபோல, உங்கள் கதாநாயகனின் பெருமைப் பேச்சுக்கும் நான்கு பேரை ‘ஆமா’ போட வையுங்கள். “அண்ணாச்சி, தெருவிலயே ஒங்க வீடுதான் ஒசரம்” என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் “ஆமா” என்பார்கள். பார்ப்பவர்களும் பழக்கத்தில் சேர்ந்துகொள்வார்கள். சரியான ஓர் இடத்தில், அந்த நால்வரும் வாய் திறக்காமல் இருக்க, கூட்டத்தின் ‘ஆமா’ மட்டும் தனியாகக் கேட்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வார ஒத்திகை ஆயிற்று. எங்கள் நாடகத்தில் அது, தாயின் கருமாதிக்கு அவன் பணம் அனுப்பியதைப் புகழும் வரியாக அமைந்தது.

கோமாளி வேடம் போடும் பபூனையும் விட்டுவிடாதீர்கள். இன்றைய தூத்துக்குடி மாவட்டம் அன்று திருநெல்வேலியோடு சேர்ந்திருந்த காலத்தில், காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் இன்றும் ஸ்பெஷல் நாடகமாக, அதாவது நடிகர்களைத் தனித்தனியே அழைத்து ஓரிரவுக்கு நடத்தும் நாடகமாக, நடக்கின்றன. அந்த மேடையில் கூட்டத்தோடு நேரில் பேசும் உரிமை பபூனுக்கு உண்டு. பெரியவரின் மைக்செட் கேள்விக்கு நாங்கள் விடை வைத்தது பபூனிடம்தான்: நாடகத்தின் தொடக்கத்திலேயே மைக்செட், சாயம், தேநீர், வேன் வாடகை என்று எங்கள் செலவுக் கணக்கு முழுவதையும், நன்கொடை கொடுத்தவர் யார் என்பதோடு பபூன் படித்துவிடுவார். துட்டைப் பற்றிப் பேச வந்தவர்கள் தங்கள் துட்டை மறைக்கக் கூடாது.

முடிவுக் காட்சியில் திருந்துவது, கைதாவது, நெஞ்சைப் பிடித்துச் சரிவது ஆகிய மூன்றையும் நான் ஒப்புக்கொள்வதில்லை, ஏனெனில் மூன்றிலும் பார்ப்பவர் நிம்மதியாக எழுந்து போய்விடுகிறார். எங்கள் நாடகத்தில் வீடு கட்டி முடிந்து, நிலை மேடை நடுவில் நிற்கிறது; வீட்டில் ஆள் இல்லை. பூட்டிய வீட்டுக்கு அந்தி நேரத்தில் விளக்குப் போட்டுவிட்டு வரும்படி சொல்லப்பட்ட பக்கத்து வீட்டுப் பெண், சாவியோடு வந்து, விளக்கைப் போட்டு, நிலைப்படியில் உட்கார்ந்து, வெளிச்சம் வீணாகக் கூடாதென்று பீடித் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். அவள் ஒரு கட்டுச் சுற்றி முடிக்கும்வரை மேடையில் வேறு எதுவும் நடக்காது. அந்த வேடத்துக்கு உண்மையிலேயே பீடி சுற்றத் தெரிந்தவரையே போடுங்கள், விரல் பொய் சொன்னால் முன்வரிசை கண்டுபிடித்துவிடும்.

நிலையைத் தெர்மாகோலில் செய்யலாம் என்று எவராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தச்சுப்பட்டறையில் வாடகை பேசி மரநிலையையே வாங்கி வந்து, முதல் ஒத்திகையிலிருந்து நடிகர் அதைத் தூக்கிப் பழக வேண்டும். நாற்பது நிமிட நாடகத்தில் இருபதாவது நிமிடம் தோள் தானாகச் சாயத் தொடங்கும், அதை நடிக்க வேண்டியதில்லை. இறக்கும்போது பிடித்துக்கொள்ள இரண்டு பேரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி வையுங்கள்.