கினோசாகியில் வெந்நீர்க் குளியல்: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஜப்பானில் ஒரே ஒரு அனுபவத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஒன்சென், அதாவது வெந்நீர் ஊற்றுக் குளியலைத்தான் சொல்வேன். நான் போனது கினோசாகி. கியோத்தோவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். அந்தச் சிற்றூரில் 7 பொதுக் குளியல் இல்லங்கள். விடுதியில் தரும் யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கியை உடுத்தி, மரச்செருப்பு டக் டக்கென்று ஒலிக்க ஒவ்வொன்றாக நடந்தே போகலாம்.

யுகாதாவின் இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும். நான் மாற்றிக் கட்டியிருந்தேன். விடுதி அம்மா ஓடிவந்து சரிசெய்தார். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறையாம்.

உள்ளே ஆண், பெண் தனித்தனி. நீச்சலுடை கூடாது, உடம்பில் துணியே இருக்காது. கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவீர்கள். முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்பு போட்டு, நுரை துளியும் இல்லாமல் கழுவுங்கள். தொட்டி ஊறுவதற்கு மட்டுமே. இதில் தவறக் கூடாது, எல்லோரும் பகிரும் நீர் அது. நீளமான முடியைத் தூக்கிக் கட்டுங்கள். கைத்துண்டு தண்ணீரில் படக் கூடாது; தலைமேல் மடித்து வைத்துக்கொள்ளலாம்.

சூடு பெரும்பாலும் 40 டிகிரியைத் தாண்டும். தலை லேசானால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பச்சை குத்தியிருந்தால் ஜப்பானில் பல இடங்களில் அனுமதி இல்லை. கினோசாகியின் பொது இல்லங்களில் அந்தத் தடை இல்லை.

அப்புறம், உடை மாற்றும் அறைக்குத் திரும்பும் முன் உடம்பைத் துடைத்துவிடுங்கள். ஒவ்வொரு இல்லத்துக்கும் விடுமுறை நாள் வேறு. விடுதியிலேயே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.