கிற்றார்க் கழுத்தில் பிரெட் பதிக்கும் கருவிகள்

பிரெட் என்பது கழுத்தின் மேலுள்ள, விரலால் தந்தியை அழுத்தும் விரற்பலகையில் குறுக்காகப் பதிக்கும் உலோகக் கம்பி. அதன் அடிப்பல், அதாவது மரத்துக்குள் செல்லும் மெல்லிய அடிவிளிம்பு, இறங்கும் வெட்டைச் சாதாரண மரவாளால் அறுத்தால் அது அகன்று கம்பி தளர்ந்துவிடும் என்பதால், ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டும் நுண்வாள் முதலில் தேவை. விரற்பலகையின் வளைவு 12 அங்குல ஆரையாக இருந்தால், மூன்று உருளைகள் கொண்ட வளைப்பானில் கம்பியை அதைவிடச் சற்றுக் கூடுதலாக வளைத்து, கழுத்தின் அடியில் மணற்பையை வைத்து, முதலில் இரு முனைகளையும் பின்னர் நடுவையும் நைலோன் தலைச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். இரும்புச் சுத்தியல் கம்பியில் பள்ளம் விழுத்திவிடும். அதே ஆரையில் வெட்டிய பித்தளைக் கட்டையுள்ள அழுத்தி இன்னும் நல்லதுதான், ஆயினும் ஒரே ஒரு கிற்றாருக்காக அதை வாங்குவது வீண்செலவு என்பேன். மிஞ்சிய முனைகளைத் தட்டைமுகக் குறட்டால் நறுக்கி, அரத்தால் சரிவாக அராவுங்கள். திருகோணமலையில் மாரியில் ஊதிய மரம் வறண்ட கச்சான் காற்றில் சுருங்க, முனைகள் விரலைக் கீறும் அளவுக்கு வெளியே நீளும். அப்போது மீண்டும் ஒருமுறை அராவ வேண்டியிருக்கும்.