புதுச்சேரி அரசியலைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் முதல்வர் நாராயணசாமியின் காங்கிரஸ் ஆட்சி 2021 பிப்ரவரி 22-ல் கவிழ்ந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சறுக்குவது எண்ணிக்கையில்தான். புதுவையில் தொகுதிகள் 30: புதுச்சேரிப் பகுதியில் 23, காரைக்காலில் 5, மாகே 1, ஏனாம் 1. உடனே "பெரும்பான்மைக்கு 16" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் 1963-ம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுச் சட்டத்தின் 3(3) பிரிவுப்படி மத்திய அரசு மூன்று பேர் வரை எம்.எல்.ஏ.க்களாக நியமிக்கலாம். அப்போது அவை 33, பெரும்பான்மை 17.

அன்றைய நிலவரத்தை இப்படிப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் ராஜினாமா, ஒருவர் முன்பே தகுதி நீக்கம். 33-ல் ஏழு போக 26. ஆளும் தரப்பில் காங்கிரஸ் 9, திமுக 2, சுயேச்சை 1 என, சபாநாயகரையும் சேர்த்து 12. எதிரே என்.ஆர். காங்கிரஸ் 7, அதிமுக 4, பாஜகவின் நியமன உறுப்பினர்கள் 3 என 14. நியமன மூவரை எடுத்துவிட்டால் சபாநாயகர் நீங்கலாக 11-க்கு 11. சமநிலையில் அவருடைய ஓட்டு ஆட்சியைக் காப்பாற்றியிருக்கும். முதல்வர் அன்று அவையில் நியமன உறுப்பினர்களின் ஓட்டுரிமையைப் பற்றியே பேசியது இதனால்தான். இந்த மூவரை விட்டுவிட்டு 'கட்சித்தாவலால் கவிழ்ந்தது' என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும்.

'நியமன உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது' என்பது இன்னும் திண்ணைதோறும் கேட்கிற பேச்சு. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 6-லேயே இதை முடித்துவிட்டது: பட்ஜெட்டிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் அவர்கள் ஓட்டுப் போடலாம், நியமிப்பதற்குப் புதுச்சேரி அரசைக் கலந்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. ஜனநாயகத்துக்கு இது நல்லதா என்று தாராளமாக வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் சட்டம் என்னவென்பதை மாற்றிச் சொல்லக் கூடாது. அதே சமயம் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாநிலங்களவைத் தேர்தலிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே ஓட்டு. அங்கே 30 என்று எழுதுவதுதான் சரி.

அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் நாராயணசாமி அமைச்சரவைக்கும் நடந்த மோதலை எழுதும்போது, துணைநிலை ஆளுநர் அன்றாட நிர்வாகத்தில் தலையிட முடியாது என்ற 2019 ஏப்ரல் 30 தீர்ப்பையே முடிவாகக் காட்டுகிறார்கள். அது சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பு. 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. முதல் தீர்ப்பு பெரிய செய்தியாகி எல்லார் மனதிலும் தங்கிவிட்டது. இரண்டாவது அவ்வளவு பேசப்படவில்லை.

டெல்லியைப் பார்த்து அப்படியே எழுதுவதும் வேண்டாம். டெல்லிக்கு அரசியலமைப்பின் 239ஏஏ பிரிவு, அங்கே காவல், பொது ஒழுங்கு, நிலம் சட்டமன்றத்தின் கையில் இல்லை. புதுச்சேரிக்கு 239ஏ, கூடவே 1963 சட்டம். அந்த விலக்கு இங்கே கிடையாது. 2021 பிப்ரவரி 25-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு, மாநிலங்களுக்கான அரசியலமைப்பின் 356-வது பிரிவைக் குறிப்பிடுவதும் பிழை. அது 1963 சட்டத்தின் 51-வது பிரிவு.

வியாபாரப் பக்கமும் ஒன்று உண்டு. யூனியன் பிரதேசம்தானே என்று பில்லில் 'யுடிஜிஎஸ்டி' (யூனியன் பிரதேச ஜிஎஸ்டி) போடுகிறார்கள். சட்டமன்றம் உள்ள பிரதேசம் என்பதால் 2017 ஜூலை 1 முதலே புதுச்சேரிக்குத் தனி எஸ்ஜிஎஸ்டி (மாநில ஜிஎஸ்டி). தமிழ்நாட்டுக் கடலூர் மொத்தக் கடையிலிருந்து எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டி புதுச்சேரியின் கன்னியக்கோயில் கடைக்கு அனுப்பும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜிஎஸ்டி), தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும். புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் போகும் லாரி வழியெல்லாம் தமிழ்நாட்டு மண்ணில் ஓடினாலும், விற்பவரும் சரக்கு சேரும் இடமும் ஒரே பிரதேசம் என்பதால் பில்லில் வர வேண்டியது சிஜிஎஸ்டியும் (மத்திய ஜிஎஸ்டி) எஸ்ஜிஎஸ்டியும்தான்.