சக்கிமுக்கித் துப்பாக்கி வேட்டை: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமசுக்கு மறுநாள் தொடங்கும் ஃபிளின்ட்லாக் (சக்கிமுக்கித் துப்பாக்கி) மான் வேட்டைப் பருவத்துக்குச் சென்ற முறை என்னோடு இரண்டு புதியவர்கள் வந்திருந்தார்கள். இருவரும் நவீன ரைஃபிளில் மான் வேட்டையாடிப் பழகியவர்கள். என் முதல் இரண்டு பருவங்களில் நான் செய்த தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில், மூன்றே நாட்களில் அவர்கள் செய்து முடித்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. வெடிமருந்து போடாமல் குண்டை மட்டும் குழல்வாயில் இறக்கிவிடுவது, மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டுவது போன்றவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பயிற்சித் திடலில் நிற்கும் யாராவது ஒருவர் முதல் நாளிலேயே அதட்டித் திருத்திவிடுவார்.

1974இல் தொடங்கப்பட்ட இந்தப் பருவத்தில், 1800க்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கியையோ அதன் மாதிரியில் இன்று செய்யப்படுவதையோதான் பயன்படுத்த வேண்டும். குதிரை என்னும் சுத்தியலில் பொருத்திய சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி தெறிக்க வேண்டும். பொறி குழலுக்கு வெளியே உள்ள சிறு கிண்ணத்து மருந்தைப் பற்ற வைக்க வேண்டும். அந்தத் தீ பற்றுவாய் என்னும் சிறு துளை வழியே குழலுக்குள் நுழைய வேண்டும். இத்தனையும் நடந்தால் ஒரு குண்டு புறப்படும். அடுத்த குண்டுக்கு நிதானமான கை ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

தூரத்தை மருந்தால் வாங்க நினைப்பது

நூறு கஜத்துக்கு எவ்வளவு மருந்து போட வேண்டும் என்பதுதான் இருவரும் கேட்ட முதல் கேள்வி. அரை அங்குலக் குழலுக்குரிய ஈய உருண்டையின் எடை சுமார் 177 கிரெயின், அதாவது பதினொன்றரை கிராம். உருண்டை வடிவம் காற்றில் வேகத்தை விரைவாக இழந்துவிடுவதால், கூடுதலாகப் போடும் மருந்தில் பெரும்பகுதி தோளில் உதையாகவும் கண்முன் புகையாகவும் போய்விடுகிறது. என் எல்லை ஐம்பது கஜம். மான் அந்த எல்லைக்குள் வரும்வரை அசையாமல் காத்திருப்பதற்காகத்தான் நான் இந்தத் துப்பாக்கியைச் சுமக்கிறேன். தூரத்திலிருந்தே சுட விரும்புகிறவருக்கு முந்தைய ரைஃபிள் பருவம் இருக்கிறது.

கிண்ணத்தை வழிய வழிய நிரப்புவது

பற்றுவாயை மருந்து மூடிவிட்டால் அது திரி போல மெதுவாக எரியும். குண்டு தாமதமாகப் புறப்படும். பாதிக் கிண்ணம் போதும்.

பதிலி மருந்து

பழைய கருமருந்துக்குப் பதிலாக விற்கப்படும் இன்றைய மருந்து இது. பற்றிக்கொள்ள அதற்கு அதிக வெப்பம் வேண்டும். கிண்ணத்துத் தீக்கு அது மசியாது.

நண்பகலில் துப்பாக்கியோடு சூடான வண்டிக்குள் ஏறுவது

குளிர்ந்த இரும்பின் மேல் வண்டிக்குள் இருக்கும் வெப்பக் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். கிண்ணத்து மருந்து நனைந்து கருஞ்சேறாகிவிடும். வண்டியில் ஏறுமுன் அந்த மருந்தைத் தட்டிக் கொட்டிவிட வேண்டும் என்பது எப்படியும் சட்டம். ஆனால் பற்றுவாய்க்குள்ளும் ஈரம் இறங்கியிருக்கும் என்பதை மறந்து, மாலையில் புதிய மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு போகிறவர்கள் வெறும் 'டிக்' ஓசையைக் கேட்டுத் திரும்புவார்கள்.

புகையைப் பார்த்துத் தவறிவிட்டது என்று முடிவுகட்டுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். எரிச்சலில் பாதி என்மீதே.

கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாக மாறாமல் நுண்துகள்களாகவே மிஞ்சுகிறது. காற்றசையாத ஈரமான காலையில் ஹெம்லாக் மரங்களுக்கடியில் அந்த வெண்புகை எளிதில் கலைவதில்லை. ரைஃபிள்காரருக்குக் குண்டு பட்ட கணத்தில் மான் முதுகை வளைத்ததா, பின்னங்காலை உதைத்ததா, எந்தப் பக்கம் பாய்ந்தது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நமக்கோ அந்தக் கணம் முழுவதும் திரைக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடுகிறது. திரை விலகும்போது மானும் இல்லை, பனியில் இரத்தமும் இல்லை.

இரத்தம் இல்லாததற்குக் காரணம் உண்டு. ஈய உருண்டை சில வேளைகளில் மறுபக்கம் வெளியேறாமல் தோலுக்கடியிலேயே தங்கிவிடும். நெஞ்சின் மேற்பகுதியில் ஒரே துளை இருந்தால் இரத்தம் முதலில் உள்ளேதான் நிரம்பும். நுரையீரலில் குண்டு வாங்கிய மான்கூட நூறு கஜம் ஓடிவிட்டு விழலாம். முதல் முப்பது கஜத்தில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அது ஓடியிருக்கும். நாமோ பத்துக் கஜம் தேடிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மேட்டுக்கு நடப்போம்.

என் இரண்டாவது பருவத்தில் நாற்பது கஜத்தில் நின்ற பெண்மானைச் சுட்டேன். புகை விலகியபோது மூன்று மான்கள் வெள்ளை வாலை உயர்த்திக்கொண்டு மேடேறி ஓடின. தவறிவிட்டது என்று நினைத்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அன்றிரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் வந்தவை நான்கு என்பது நினைவுக்கு வந்தது. விடிந்ததும் போய்த் தேடினேன். நான் நின்ற இடத்திலிருந்து எண்பது தப்படியில், மலை லாரல் புதருக்குள் அது கிடந்தது. பின்தொடைகளை இரவிலேயே கொயோட்டுகள் என்னும் சிறு ஓநாய்கள் தின்றிருந்தன. என் அனுமதிச் சீட்டை அதன் காதில் கட்டினேன். அந்த ஆண்டு வேட்டை எனக்கு அத்துடன் முடிந்தது. அப்படி முடித்துக்கொண்டதுதான் அந்த ஆண்டில் நான் செய்த ஒரே சரியான காரியம் என்பேன்.

அதிலிருந்து குதிரையை இழுக்கும் முன்பே மான்களை எண்ணிவிடுகிறேன். சுடப்போகும் மான் எந்த மரத்துக்கு அருகே நிற்கிறது என்பதையும் மனத்தில் குறித்துக்கொள்கிறேன். சுட்டவுடன் குனிந்து, முடிந்தால் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து, புகைக்கு அடியில் பார்க்கிறேன். கால்கள் மட்டும் தெரிந்தாலும் ஓடிய திசை புரிந்துவிடும். பிறகு நின்ற இடத்திலேயே மருந்தும் குண்டும் மீண்டும் இறக்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து அரைமணி நேரம் காத்திருக்கிறேன். அடிபட்ட மானை உடனே துரத்தினால், அருகிலேயே படுத்துவிட இருந்தது அடுத்த பள்ளத்தாக்குவரை போய்விடும். அதன் பின் குறித்த மரத்தடிக்குப் போய் முதலில் இரத்தத்தை அல்ல, முடியைத் தேட வேண்டும். குண்டு பட்ட இடத்தில் வெட்டுண்ட முடி பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். பழுப்பு முடியென்றால் உடம்பின் மேற்பகுதி, வெள்ளையென்றால் வயிற்றோரம்.

சென்ற பருவத்தின் இரண்டாம் நாள், புதியவர்களில் இளையவர் சுட்டார். புகை கலைவதற்குள்ளாகவே, "மிஸ் ஆயிடுச்சு அண்ணா, வாங்க போகலாம்" என்றார். அந்தச் சொற்களைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் அவருக்குப் புரிந்திருக்காது. மருந்து நிரப்ப வைத்தேன், உட்கார வைத்தேன், பிறகு இரண்டு மணி நேரம் இருவரும் முழந்தாளிட்டுத் தேடினோம். குண்டைச் சுற்றியிருந்த கருகிய துணித்துண்டு பத்துத் தப்படியிலேயே கிடைத்தது. மான் நின்ற இடத்தில் ஒரு முடிகூட இல்லை. குளம்படிகளை இருநூறு கஜம் பின்தொடர்ந்தும் நடை மாறவில்லை, ஒரு சொட்டு இரத்தமும் இல்லை. கடைசியில் அதே நேர்கோட்டில், மானின் முதுகுக்கும் மேலான உயரத்தில், ஒரு பீச் மரத்தில் புதிய துளையைக் கண்டோம். அவர் தம் விரலை அதற்குள் விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உண்மையாகவே தவறித்தான் போயிருந்தது. அன்று மாலை அவர் வேறு மானைத் தேடவில்லை. அந்தக் குளம்படிகள் எங்கே போயின என்று பார்க்கவே விரும்பினார், இருட்டும்வரை அவற்றின் பின்னாலேயே நடந்தோம்.

கழுவுவதை மறுநாளுக்குத் தள்ளிப்போடுவது

அன்றிரவே, வெந்நீரில். மறுநாள் மருந்து இறக்குமுன் குழலில் பூசிய எண்ணெயைத் துடைத்தெடுக்க மறக்காதீர்கள்.