பயணத்துக்கு ஜீன்ஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருப்பு வியாபாரத்துக்காக மாதத்தில் பாதி நாள் நான் பஸ்ஸில்தான் இருக்கிறேன். இங்கே பர்மாவில், ரங்கூனில் ஏறினால் மோல்மீன், இல்லாவிட்டால் மாண்டலே, சில சமயம் மேலே டவுன்ஜி வரைக்கும். வீட்டில் கைலியை மிஞ்ச எதுவும் கிடையாது. ஆனால் ராத்திரி பஸ்ஸில் ஏறி இறங்கவும், மூட்டைகளுக்கு நடுவில் நிற்கவும், பணத்தைப் பத்திரமாக வைக்கவும் ஜீன்ஸ்தான் தோது. அதனாலேயே சொந்தக்காரப் பிள்ளைகள் ஜீன்ஸ் எடுக்கப் போகும்போது என்னையும் கூப்பிடுவார்கள். எல்லோரும் திரும்பத் திரும்ப ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

முதல் தவறு, "நல்லா கனமா இருக்கு, ரொம்ப நாள் உழைக்கும்" என்று எடுப்பது. ஜீன்ஸ் துணியின் கனத்தைச் சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். 14 அவுன்ஸுக்கு மேலே போனால் அது குளிர் ஊருக்கான துணி. இங்கே மே நடுவில் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. மோல்மீனில் ரங்கூனைவிடப் பலமாகக் கொட்டும். அங்கே லாட்ஜ் அறையில் மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்ட ஒரு தடித்த ஜீன்ஸை மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்தேன். இரண்டு கால்களும் காய்ந்திருந்தன. இடுப்புப் பட்டையும் பாக்கெட் பையும் சில்லென்று இருந்தன, புழுங்கல் வாடை வேறு. அந்த ஈரத்தோடு போட்டுக்கொண்டு நடந்து, தொடை உரசிப் புண்ணானதுதான் மிச்சம்.

நம் ஊர்ப் பயணத்துக்கு 10 முதல் 12 அவுன்ஸ் சரியாக இருக்கும். அதைவிட ரொம்ப மெலிந்தால் உட்காரும் இடம் சீக்கிரம் தேய்ந்துவிடும். பெரும்பாலான கடைகளில் இந்தக் கணக்கு துணியில் எழுதியிருக்காது. உங்களுக்குப் பழகிய ஜீன்ஸைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். இதை ஒரு கையிலும் அதை ஒரு கையிலும் விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

இரண்டாவது, வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வாங்குவது. நிறைய நடக்கிறவர்களுக்கு ஜீன்ஸ் பெரும்பாலும் முதலில் போவது கவட்டையில்தான். வியர்வையும் உரசலும் சேருகிற இடம் அது, நான்கு தையல் வந்து கூடுவதும் அங்கேதான். அதனால் கடையிலேயே உள்பக்கத்தைத் திருப்புங்கள். துணி விளிம்பு உள்ளே மடிந்து, மேலே இரண்டு வரி தையல் ஓடியிருந்தால் நம்பி எடுக்கலாம். விளிம்பை மடிக்காமல் நூலால் சுற்றிவிட்ட வெறும் ஓவர்லாக் தையல் மட்டும் என்றால் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள். தையலுக்கு இரு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் பல்லைக் காட்டினால் வேண்டாம். பாக்கெட் மூலைகளையும் பாருங்கள். ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் லெவி ஸ்ட்ராஸ் என்ற துணி வியாபாரியும் 1873இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது அந்த மூலைகளில் அடிக்கிற செம்புக் குமிழுக்குத்தான், ரிவெட் என்பார்கள். கூலி வேலை செய்தவர்களுக்குப் பாக்கெட் அங்கேதான் கிழிந்துகொண்டிருந்தது. ரிவெட் இல்லையென்றால் நெருக்கமான அழுத்தத் தையலாவது இருக்க வேண்டும்.

அப்புறம், ஜீன்ஸைத் தரையில் விரித்துக் காலைப் பாருங்கள். பக்கத் தையல் நேராக இறங்காமல் முன்பக்கமாகத் திரும்பியிருந்தால், துவைக்கத் துவைக்க அது இன்னும் முறுக்கிக்கொள்ளும். ஏற்றுமதி மிச்சம் என்று குவித்து விற்கும் இடங்களில் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

நீட்சித் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலாஸ்டேன் என்ற, ரப்பர் மாதிரி இழுபடும் இழை 1 அல்லது 2 சதவீதம் இருந்தால் நீண்ட பயணத்தில் உட்கார வசதி. அதிகமானால் முழங்கால் பை மாதிரி தொங்கிவிடும். நல்ல சூட்டில் இஸ்திரி போட்டால் அந்த இழை செத்துப்போகும், அதைத் தைத்துச் சரிசெய்யவும் முடியாது.

போட்டுப் பார்க்கும்போது எல்லோரும் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நிற்கிறார்கள். நீங்கள் குந்தி உட்காருங்கள். நம் டீக்கடை முக்காலி எவ்வளவு தாழ்வு என்று தெரியும்தானே? அந்த உயரத்துக்கு உட்கார்ந்து எழுந்திருக்கும்போது இடுப்பு இறுக்கக் கூடாது, பின்பக்கம் இறங்கக் கூடாது, பாக்கெட்டில் உள்ள போன் வெளியே சரியக் கூடாது.

வாங்கிய அன்றே தையல்காரரிடம் கொடுத்துக் காலை வெட்டுவது இன்னொரு தவறு. பருத்தி சுருங்கும். ஒன்றிரண்டு தடவை துவைத்த பிறகு அளவெடுங்கள்.

சாயம் போகாமலிருக்க உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள், என் அம்மாவும் சொல்வார். இந்த நீலத்துக்கு அது பலிக்காது. அவுரி நீலம் நூலின் வெளிப்புறத்தில்தான் படிந்திருக்கும், நடுவில் நூல் வெள்ளையாகவே இருக்கும். ஆகையால் உரச உரசக் கொஞ்சம் போகத்தான் செய்யும். உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில் தனியாக இரண்டு மூன்று தடவை அலசுங்கள். பிறகு ஈர வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். நீலம் ஒட்டாவிட்டால் வெளிர் நிறப் பையோடு தைரியமாகக் கிளம்பலாம்.

முழங்காலில் கிழித்துவிட்ட மாடல் பயணத்துக்கு வேண்டாம். ரங்கூன் ஷ்வேதகோன் பகோடாவுக்குப் போனாலும் நம் காளி கோயிலுக்குப் போனாலும் முழங்கால் மூடியிருக்க வேண்டும். வெளுக்காத அடர் நீலமாக எடுத்தால் வியாபாரி வீட்டுக்கும் போகலாம், கல்யாணத்துக்கும் போகலாம்.

ஜீன்ஸ் ஜாக்கெட்டை இறுக்கமாக வாங்காதீர்கள். டவுன்ஜி கிட்டத்தட்ட 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி விடியலில் உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட இடம் வேண்டும். மடித்துப் பையில் வைத்தால் பாதிப் பையை அடைக்கும்; ராத்திரி பஸ் ஏசிக்கு உடம்பிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஓட்டை விழும்வரை காத்திருப்பது. நெடுக்கு நூலான பாவு நீலம், குறுக்கு நூலான ஊடை வெள்ளை என்பதால் துணியே முன்கூட்டிச் சொல்லிவிடும். நீல இழை தேய்ந்து வெள்ளை இழைகள் ஏணிப்படி மாதிரி தெரிய ஆரம்பித்தால், அந்த வாரமே உள்பக்கம் ஒரு துண்டு வைத்து நெருக்கமாகத் தையல் ஓட்டச் சொல்லுங்கள். என்னுடைய பழைய ஜீன்ஸில் இப்படி இரண்டு ஒட்டு இருக்கிறது. போன மழைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் மோல்மீன் போய் வந்தேன்.